மழைக்கு ஓடிய கடைக்காரர்கள்

சாவிக்கொத்தை உங்கள் கையில் கொடுத்தபோது என்ன சொல்லிக் கொடுத்தார்களோ, எனக்குத் தெரியாது. என்னிடம், "கடைக்காரர்கள் கடையில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டால் போதும்" என்றார்கள். நானும் அதை நம்பினேன். கடைத்தொகுதி மேற்பார்வை என்கிற இந்த வேலையில் தலை நரைத்து ஓய்வும் பெற்றுவிட்டேன். புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். வாடகை வாங்குவது, குழாய் அடைத்தால் ஆளைத் தேடுவது, வாசலில் வண்டி நிறுத்துகிறவனோடு மல்லுக்கட்டுவது இதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே வந்துவிடும். அதனால் நான் ஒரு மழையைப் பற்றிச் சொல்கிறேன். பேச்சு அங்கே இங்கே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதுளையில் ஆற்றோரம் பெரிய நெல் மில் ஒன்று இருந்தது. அதைச் சுற்றி இருந்த குடியிருப்புக்கு மில்லடி என்று பெயர். நெல்லை ஊறவைத்து, அவித்து, சிமெந்துக் களத்தில் காயவைத்து அரிசியாக்குகிற மில். அறுபதுகளின் கடைசியில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நான் அங்கே கணக்கப்பிள்ளையாக வந்து சேர்ந்தபோது, காலையில் முதலில் மூக்கில் ஏறுவது அவித்த நெல்லின் வாசனைதான். ஆற்றுப் பனிமூட்டமும் அந்த ஆவியும் கலந்து, எதிரே வருகிறவர் யார் என்றே தெரியாது. செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் வணக்கம் சொல்லுவோம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. தோட்டத்தில் தினமும் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்துப் பழகியவனுக்கு, முகம் தெரியாமல் நடக்கிற அந்தக் காலை நேரம் பெரிய சுதந்திரம்.

எழுபத்தேழில் திறந்த பொருளாதாரம் வந்து, வெளிநாட்டுச் சரக்கு இறங்கத் தொடங்கிய பிறகு மில் படுத்துவிட்டது. முதலாளி பெரிய மனுசர், மக்காவுக்குப் போய் வந்தவர், மில்லை விற்க மனசு வரவில்லை. அவருடைய மகளைக் கட்டிய கொழும்பு மருமகன்தான் யோசனை சொன்னார். மில் கட்டடத்தைத் தடுத்துக் கடைகளாக்குவது, களத்தைப் பூங்காவாக்குவது. மருமகன் போட்ட பணத்தில்தான் எல்லாம் நடந்தது. நெல் ஊறிய தொட்டிகளில் அல்லிக்கொடியும் வண்ண மீனும் வந்தன. புகைக்கூண்டில் கலர் பல்பு சுற்றினார்கள். களத்தின் நடுவில் மரக்குதிரை ராட்டினம் வந்தது. பாட்டுக் கெசட் கடை, ஜப்பான் ரேடியோ, நைலோன் சேலை, ஐஸ்கிரீம் எல்லாம் வந்துவிட்டன. பண்டாரவளையிலிருந்து கூட ஆட்கள் பொழுதுபோக்க வந்தார்கள். சாயங்காலம் விளக்குப் போட்டதும் ஆற்றில் அந்தக் கலரெல்லாம் நெளியும். கணக்கிலிருந்து மேற்பார்வைக்கு மாறியிருந்த நானே சில நாள் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது நம்ம மில்லடிதானா என்று வாயைப் பிளந்து நின்றிருக்கிறேன்.

முதலாளி ஒரு காரியத்தில் பிடிவாதமாக இருந்தார். மில்லில் வேலை செய்த குடும்பங்களுக்கு, கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கடை. கடை இருக்கும்வரை பின்னால் இருக்கிற மில் லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பராவும் அவர்களுக்கே. மருமகன் ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். வியாபார நேரத்தில் கடையை ஆளில்லாமல் விட்டுப் போகக் கூடாது. ஒரு தடவை விட்டுப் போனால் அன்றைக்கு முழுக்கக் கடைக்குப் பூட்டு. இரண்டாவது தடவை போனால் கடை வேறு ஆளுக்கு. கடை போனால் காம்பராவும் போகும். பூட்டைப் போடுகிறவன் நான்.

மருமகனைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கொழும்பில் கடை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. கல்லாவைத் திறந்து போட்டுவிட்டு ஆற்றில் முகம் கழுவப் போகிற மில்லடிக்காரர்களைப் பார்த்து அவருக்கு நெஞ்சு பதறியது. யாருக்கும் பதறும்தான்.

பாக்கியக்காவுக்கு முதல் பூட்டு அப்படித்தான் விழுந்தது. அவர் மில் களத்தில் நெல் கிளறியவர். புருசன் போய்ச் சேர்ந்து பல வருசம், வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். முதலாளி அவருக்கு வளையல் கடை கொடுத்திருந்தார். ஒரு நாள் மத்தியானம் கடையை அப்படியே விட்டுவிட்டு, பழக்க தோசத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டார். கடைக்குள்ளேயே குழாய் இருக்கிறது! நான் பூட்டைப் போட்டுவிட்டு நின்றேன். குடத்தோடு வந்தவர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"குழாய்த் தண்ணி வாயில வைக்க முடியல தம்பி. இரும்பு வாசன அடிக்குது" என்றார்.

"இன்னொரு தரம் போனீங்கன்னா கடை போயிரும்க்கா. காம்பராவும் போயிரும்."

"போக மாட்டேன் தம்பி. புள்ளைகள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

அதற்குப் பிறகு அவர் நகரவில்லை. சாப்பாட்டைக் கூட மூத்த மகள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாள். வளையல்களுக்கு நடுவில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருப்பார், போட்டோ பிடிக்கப் போகிற மாதிரி. அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

இப்போது மில்லடியின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது. நெல் களத்தில் காய்கிறபோது மழை வந்தால், அவித்த நெல் நனைந்து நாறிப்போகும். மில் நின்றுவிடும், எல்லார் வீட்டு அடுப்பும் நின்றுவிடும். அதனால் நமுனுகுலை மலைப் பக்கம் வானம் கருத்ததும் யாராவது ஒருவர் "களம்!" என்று கத்துவார். சிங்களக் குடும்பங்களும் இருந்தன, அவர்கள் "வெஸ்ஸ! வெஸ்ஸ!" என்பார்கள், மழை என்று. அந்தச் சத்தம் கேட்டால் மில்லடியில் எல்லாரும் ஓட வேண்டும். அன்றைக்கு வேலை இல்லாதவர்கள், சமைத்துக்கொண்டிருந்தவர்கள், முடி வெட்டிக்கொண்டிருந்த ஆள் பாதித் தலையோடு என்று எல்லாரும் ஓடுவார்கள். தார்ப்பாயில் எந்த மூலையை யார் பிடிப்பது என்பது கூட நிரந்தரம். ஆற்றுப் பக்கத்து மூலை முதலாளியுடையது. கதவைச் சாத்திவிட்டு வருகிற ஆளே கிடையாது. எல்லாரும் களத்தில் நிற்கிறபோது திருடுவதற்கு யார் இருக்கிறார்கள்? ஓடாமல் வீட்டில் இருந்தவனோடு மட்டும் ஒரு வாரத்துக்கு யாரும் பேச மாட்டார்கள்.

தீபாவளிக்கு முந்திய வாரம். தோட்டங்களில் கொடுக்கிற தீபாவளி முற்பணம் கையில் வந்து, பசறை, மடுல்சீமைப் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அன்றைக்குப் பின்னேரம் வெளிச்சம் ஒரு மாதிரி மஞ்சளாக இருந்தது. எல்லார் முகத்திலும் மஞ்சள் பூசிய மாதிரி. ராட்டினத்தில் பிள்ளைகள் சுற்றிக்கொண்டிருந்தார்கள், கெசட் கடையில் பாட்டு, எங்கிருந்தோ வடை வாசனை. மருமகனும் கொழும்பிலிருந்து வந்து கடைகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்து அவருக்குச் சந்தோசம். எனக்கும்தான். நான் பாக்கியக்கா கடைக்கு எதிரே தூணில் சாய்ந்து நின்றேன். மடுல்சீமைத் தோட்டத்துப் பெண் ஒருவர் வளையலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று மஞ்சள் வெளிச்சம் போய்விட்டது. கூரைத் தகரத்தில் முதல் சொட்டு விழுந்தது. யாரோ கத்தினார்கள்.

"களம்!"

யார் கத்தினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு விசாரித்தபோது எல்லாரும் மற்றவரைக் காட்டினார்கள். கடைகள் திறந்த பிறகு வந்த மழைக்கெல்லாம் யாரும் அப்படிக் கத்தியதில்லை, ஆனால் அன்றைக்குச் சத்தம் கேட்டது. தூரத்தில் "வெஸ்ஸ!" என்றும் கேட்டது. பாக்கியக்கா எழுந்தார். காட்டிக்கொண்டிருந்த வளையலை அந்தப் பெண்ணின் கையிலேயே விட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார். என்னை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. பக்கத்துக் கடைத் தையல்காரர் மெசினில் துணியை விட்டுவிட்டு ஓடினார். தேங்காய்க் கடை, பொம்மைக் கடை, செருப்புக் கடை, மில்லடிக்காரர்கள் நடத்திய கடை எல்லாம் காலி. வெளியூரிலிருந்து வந்து கடை பிடித்தவர்கள் மட்டும், என்னய்யா நெருப்புப் பிடித்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். என் காலும் ஒரு அடி எடுத்து வைத்தது. இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கிய சத்தத்தில்தான் நின்றேன்.

வெளியே மழை கொட்டியது. களத்தில் நின்ற கூட்டமெல்லாம் ஒதுங்க இடம் தேடி உள்ளே நெருக்கியது. ஆளில்லாத கடைகள், நிறைய சனம், அந்தக் கோடியில் மருமகன் திரும்பி வந்துகொண்டிருக்கிறார். இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்கு யோசிக்க அவகாசம் கிடைக்காது தம்பிகளா. சட்டப்படி நான் பூட்டுப் போட வேண்டும். போட்டால் பாக்கியக்காவுக்கு இது இரண்டாவது பூட்டு. அந்த இரண்டு பிள்ளைகளும் பெட்டி படுக்கையோடு ரோட்டில் நிற்கும். பூட்டாமல் விட்டால் சரக்கு போய்விடும், பிறகு பாக்கியக்காவுக்காக யார் வந்து சொன்னாலும் மருமகனிடம் எடுபடாது.

நான் அந்த மடுல்சீமைப் பெண்ணிடம் சொன்னேன். "அக்கா, செத்த நேரம் இந்தப் பக்கமா வந்து நில்லுங்க."

"ஐயோ, நான் எதுக்குங்க? எனக்கு ஏவாரமெல்லாம் தெரியாதுங்க."

"தெரிய வேணாம். நின்னாப் போதும். கடைக்கார அம்மா இப்ப வந்துருவாங்க."

அவர் நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய் நின்றார். அடுத்த கடைக்கு, நனையாமல் ஒதுங்கி நின்ற ஒரு பெரியவரைப் பிடித்தேன். பொம்மைக் கடைக்குக் கைக்குழந்தையோடு ஒரு தாய். ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. காலையில் கொழுந்துக் கூடையோடு மலை ஏறியவர்கள், சாயங்காலம் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கடைக்காரர்களாக நின்றார்கள். வெளியே இருட்டு, தகரத்தில் மழை இரைச்சல், உள்ளே கலர் பல்பு. ஏதோ கனவில் கடைத்தெருவுக்கு வந்துவிட்ட மாதிரி எனக்குத் தலை கிறங்கியது.

மருமகன் வளையல் கடைக்கு முன்னால் வந்து நின்றார். அந்தப் பெண்ணுக்கு இதற்குள் தைரியம் வந்திருந்தது.

"என்னங்க வேணும்? வீட்டம்மா கை எம்புட்டு இருக்கும்? உங்க கையக் காட்டுங்க, அளவு பார்ப்போம்" என்றார்.

மருமகன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இவங்க யாரு?"

"கடையில நிக்கிறவங்க" என்றேன்.

"அது தெரியுது. பாக்கியம் எங்க?"

"ஆள் வச்சிட்டுப் போயிருக்காங்க."

அவர் வரிசையாக மற்றக் கடைகளைப் பார்த்தார். பெரியவர் தையல் மெசினைத் தொடாமல் கையைக் கட்டி நிற்கிறார். பொம்மைக் கடையில் குழந்தை ஒரு பொம்மையைக் கடித்துக்கொண்டிருக்கிறது. அவருக்கு விளங்காமல் இல்லை. களத்துப் பக்க வாசலுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

களம் முழுக்க மழைப்புகை. அதற்குள் மில்லடிக்காரர்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். அள்ளுவதற்கு அங்கே ஒரு மணி நெல் கூட இல்லை. ஆனாலும் ஓடி வந்த கை சும்மா இருக்குமா? ராட்டினத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளை இறக்கித் தூக்கி வந்து தாய்மார் கையில் கொடுத்தார்கள். நாற்காலிகளை அடுக்கினார்கள். பலூன்காரனின் சாமான்களைக் கூடச் சுருட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். பிறகு எங்கிருந்தோ தார்ப்பாயை இழுத்து வந்து மரக்குதிரைகளுக்கு மேல் விரித்தார்கள். ஒவ்வொருவரும் அவரவர் மூலைக்குத் தானாகப் போனார்கள். ஆற்றுப் பக்கத்து மூலையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, தாடியில் தண்ணீர் வழிய முதலாளி நின்றார்.

மருமகன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "மாமாவுக்கு என்ன நடந்த?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். உண்மையாகவே பயந்துபோயிருந்தார்.

தார்ப்பாயைக் கட்டி முடித்து அவர்கள் உள்ளே வந்தார்கள். பாக்கியக்கா முன்னால் வந்தார். கடையில் வேறு பெண் நிற்பதைக் கண்டார். மருமகனைக் கண்டார். அப்போதுதான் அவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது திரும்பி வந்த மாதிரி இருந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க ஆள் வச்சிட்டா போனீங்க?" என்று மருமகன் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லச் சொல்லி நான் அவருக்குக் கண்ணைக் காட்டினேன். ஒரு சொல் போதும், நான் சாட்சி. அந்த மடுல்சீமைப் பெண் கூட ஆமாம் போடத் தயாராகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க. அப்படியே போட்டுட்டு ஓடினேன். இவங்கள நான் இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார் பாக்கியக்கா.

"களத்துல நெல் இல்ல என்டு உங்களுக்குத் தெரியாதா?"

"அங்க போன பொறகுதாங்க தெரிஞ்சிச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மருமகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் இது லேசாக இல்லை என்று எனக்குத் தெரிந்தது. "ரூல் எல்லாருக்கும் ஒண்டுதானே" என்றார், எனக்குச் சொல்கிறாரா, தனக்கே சொல்லிக்கொள்கிறாரா தெரியவில்லை. "பூட்டப் போடுங்க."

பூட்டைக் கையில் எடுத்தேன். ஆனால் போடவில்லை. போட மாட்டேன் என்று சொல்லவும் துணிவு வரவில்லை. பாக்கியக்கா அந்தப் பெண்ணை வெளியே வரச் சொல்லி, தானும் ஒதுங்கி எனக்கு வழி விட்டு நின்றார். அப்போது முதலாளி சாரத்தைப் பிழிந்துகொண்டே வந்தார்.

"மருமகன், மேல ஆபீஸ் கதவு தொறந்து கெடக்கு. பெட்டகமும் தொறந்துதான் ஈக்கி. நானும் அப்பிடியே போட்டுட்டு ஓடி வந்த. பூட்டுறது என்டா மொதல்ல அதப் பூட்டுங்க" என்றார்.

மருமகன் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு படியில் தடதடவென்று ஓடினார். நாங்கள் எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். பெட்டகக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது நிதானமாக, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். கையில் முதலாளியின் செருப்பும் ஒரு துவாயும் இருந்தன. செருப்பை மாமாவின் காலடியில் வைத்தார். துவாயை அவருக்குக் கொடுக்கப் போனார், முதலாளி வாங்கவில்லை, பாக்கியக்காவைக் காட்டினார். மருமகன் தயங்கிவிட்டு அதைப் பாக்கியக்காவிடம் நீட்டினார்.

"தலையத் தொவட்டுங்க. நாளைக்கும் கடை தொறக்கோணும். காய்ச்சல் வந்தா யாரு தொறக்கிற?"

பூட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? மழைக்கு ஓடினால் கணக்கில் இல்லை என்று மருமகனே பிறகு எல்லாக் கடைக்கும் சொல்லி அனுப்பினார்.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது இதுதான். பழைய இடத்தைப் புது இடமாக்கி உங்கள் கையில் தருவார்கள். சுவருக்குப் பெயின்ட் அடித்திருப்பார்கள், பெயர்ப்பலகை மாட்டியிருப்பார்கள். அங்கே முன்பு வேலை செய்தவர்களின் காலும் கையும் மாறிவிட்டதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சட்டத்தைச் சொல்வதற்கு முன்னால் அந்த மனிதர்களிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள். நான் செய்த காரியம் சரியா என்றால், சாமான் காப்பாற்றப்பட்டது, அவ்வளவுதான் சொல்லத் தெரியும். பாக்கியக்காவைக் காப்பாற்றியது நான் இல்லை.

மழை விட்டுச் சனமெல்லாம் பஸ்ஸுக்குப் போனார்கள். மடுல்சீமைப் பெண்ணுக்குப் பாக்கியக்கா இரண்டு கையிலும் வளையல் போட்டு அனுப்பினார். நான் அவருடைய கடைக்கு முன்னால் போய் நின்றேன். துவாய் தோளில் அப்படியே கிடந்தது, தலையைத் துவட்டவே இல்லை. கடை தப்பிவிட்டது, காம்பராவும் தப்பிவிட்டது, சந்தோசமாக இருப்பார் என்று நினைத்து ஏதோ பேச வாயெடுத்தேன்.

அவர் அழுதுகொண்டிருந்தார். மில் நின்று அப்போது இரண்டு தீபாவளி போயிருந்தது. இயந்திரங்களைக் கழற்றி லொறியில் ஏற்றியதை அவரும் நின்று பார்த்தவர்தான். தனக்குக் கொடுத்த கடையைத் தன் கையாலேயே கழுவித் திறந்தவர்தான். என்னை நிமிர்ந்து பார்த்து, இப்போதுதான் யாரோ வந்து சொல்லிவிட்டுப் போன மாதிரிச் சொன்னார்.

"தம்பி, மில்ல மூடிட்டாங்க."

"ஆமாக்கா" என்றேன்.